பலி கொடுத்ததற்கு ரசீது

எங்கள் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "அவங்களுக்கு என்னப்பா, சனிக்கிழமை தப்பு பண்ணுவாங்க, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய் மன்னிப்பு கேட்டுட்டு புதுசா ஆரம்பிச்சுடுவாங்க." கிறிஸ்தவர்களைப் பற்றித்தான். கூட இருக்கும் கிறிஸ்தவ நண்பரும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். மன்னிப்பு என்பது அங்கே ரொம்ப மலிவான சரக்கு என்பதுதான் என் எண்ணமும்.

அந்த எண்ணத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது ஒரு பாப்பிரஸ் துண்டு. எகிப்தின் பழைய வரி ரசீதுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன் (ஏன் படித்தேன் என்று கேட்காதீர்கள், ஒரு டேட்டாபேஸ் விவகாரத்தில் ஆரம்பித்தது). அதில் வழிதவறி இது கண்ணில் பட்டது. இதுவும் ஒரு வகை ரசீதுதான். பலி கொடுத்ததற்கு ரசீது.

கி.பி. 250, ஜூன் 26. எகிப்தின் ஃபாயும் பகுதியில் ஒரு கிராமம். ஔரேலியஸ் டயோஜெனிஸ் என்ற பெரியவர், கிராமத்துப் பலி மேற்பார்வைக் குழுவுக்கு ஒரு மனு கொடுக்கிறார். வயது 72. வலது புருவத்தில் தழும்பு. நம் பள்ளிச் சான்றிதழில் 'அங்க அடையாளம்' என்று மச்சத்தை எழுதுவார்களே, அதே சமாச்சாரம். எப்போதும் நான் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்தவன், இப்போது ஆணைப்படி உங்கள் கண் முன்னால் பலி கொடுத்தேன், பானம் வார்த்தேன், படையலை உண்டேன், இதைச் சான்றளித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன் என்பது சாரம். கீழே அதிகாரி கையொப்பம். இது 1893இல் பெர்லினில் பதிப்பிக்கப்பட்டது. இதுவரை இப்படி 45க்கும் மேற்பட்ட சீட்டுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை ஃபாயுமிலேயே தியடெல்ஃபியா என்ற ஒரே ஊரைச் சேர்ந்தவை. எல்லாம் 250ஆம் ஆண்டு கோடைக்காலத்துச் சில வாரங்களில் எழுதப்பட்டவை. வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பெயரும் வயதும் மட்டும் மாறும். அச்சு அசல் ஒரு டெம்ப்ளேட். மனுதாரர் பெயரெல்லாம் ஔரேலியஸ், ஔரேலியா என்று வருவதைப் பார்த்து ஒரே குடும்பமோ என்று முதலில் குழம்பினேன். 212இல் கரகல்லா பேரரசர் எல்லாருக்கும் ரோமக் குடியுரிமை கொடுத்தபோது, குடியுரிமை பெற்றவர்கள் அவர் குடும்பப் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஆணை போட்டவர் டேசியஸ். 249இல் அரியணை ஏறியவர். எல்லையில் கோத்துகள் நெருக்குகிறார்கள், உள்ளே கலகம், கொள்ளைநோய் வேறு. தெய்வங்கள் கைவிட்டுவிட்டன, எல்லாரும் சேர்ந்து பலி கொடுத்தால் சரியாகும் என்பது கணக்கு. பேரரசின் குடிகள் அத்தனை பேரும் பலி கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். இந்தச் சீட்டுகளில் 'கிறிஸ்தவர்' என்ற சொல்லே கிடையாது. முதலைத் தெய்வமான பெத்தேசூகோஸின் பூசாரிப் பெண் ஒருத்திகூட வரிசையில் நின்று சீட்டு வாங்கியிருக்கிறாள். பூசாரிக்கே சர்டிபிகேட்! ஆக, மாட்டிக்கொண்டவர்கள் யார் என்றால், பலி கொடுக்கவே முடியாது என்றவர்கள்.

ஏன் முடியாது? ஒரு சிட்டிகை சாம்பிராணியைத் தணலில் போட்டால் முடிந்தது. மனசுக்குள் யாரை வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள்ளலாம். ரோம அதிகாரிகள் பலருக்கும் புரியாத விஷயம் இதுதான்.

பலி என்பது ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. இயேசு சிலுவையில் இறந்ததே கடைசிப் பலி, அதற்குப் பிறகு ஆடும் மாடும் தேவையில்லை. பைபிளில் எபிரேயருக்கு எழுதப்பட்ட கடிதம் இதையே விரித்துப் பேசுகிறது. அவர்கள் வழிபாட்டில் மிஞ்சியது அப்பமும் ரசமும் மட்டும். இன்னொரு பலிபீடத்தின் முன்னால் நிற்பது, நடந்து முடிந்த அந்தப் பலியையே இல்லை என்று சொல்வதாகும்.

இதோடு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஞானஸ்நானம். தண்ணீரில் முழுகும்போது பழைய ஆள் செத்துப்போகிறான், எழும்போது புது ஆள். அதைச் சும்மா உவமையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினார்கள். பிறப்பு ஒருமுறைதான், ஆகவே மறுபிறப்பும் ஒருமுறைதான். அப்படியானால் முழுகி எழுந்த பிறகு பெரிய பாவம் செய்தால்? இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்வி அவர்களைப் படுத்தியது. கப்பல் உடைந்தவன் பற்றிக்கொள்ளும் பலகை மாதிரி, ஞானஸ்நானத்துக்குப் பின் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு என்று எழுதினார் கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன். சாக்குத்துணி, சாம்பல், உண்ணாவிரதம், எல்லார் முன்னாலும் அழுகை, அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை. பிற்காலத்தில் அவரே இன்னும் கறாராகி, சிலை வழிபாட்டுக்கும் கொலைக்கும் விபசாரத்துக்கும் சபை மன்னிப்பு தரக்கூடாது என்றார். டீக்கடை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இந்த நிலையில்தான் டேசியஸின் ஆணை கார்த்தேஜுக்கு வந்து சேர்ந்தது. இன்றைய துனிசியாவில் இருந்த பெருநகரம். அதன் பிஷப் சிப்ரியன். சொல்வன்மை கற்பித்த பணக்கார ஆசிரியர், நடுவயதில் கிறிஸ்தவரானவர். ஊறிப்போன பழக்கத்தோடு இருக்கும் ஒரு மனுஷன் தண்ணீரில் முழுகி எழுந்தால் எப்படி மாறுவான் என்று ஞானஸ்நானத்துக்கு முன் தனக்கே சந்தேகம் இருந்ததாக ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். எனக்கு இந்த ஆளைப் பிடித்துப்போனது அங்கேதான்.

கார்த்தேஜில் நடந்ததை அவர் மறைக்கவில்லை. கைது செய்ய யாரும் வருமுன்பே ஜனங்கள் தாமாகக் கோயில் மேட்டுக்கு ஓடினார்களாம். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னதற்கு, இல்லை, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்களாம். சில பிஷப்புகளே தம் சபையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலி கொடுத்தார்கள். சிலர் முழுப் பலி, சிலர் சாம்பிராணி மட்டும். இன்னும் சிலர் கெட்டிக்காரர்கள். லஞ்சம் கொடுத்து, பலியே கொடுக்காமல் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. போனா என்ற பெண்ணைக் கணவனே பலிபீடத்துக்கு இழுத்துப்போனான். நாலு பேர் அவள் கையைப் பிடித்துப் பலியைச் செய்ய வைத்தார்கள். செய்தது நானில்லை, நீங்கள்தான் என்று கத்தினாள் அவள். நாடு கடத்தப்பட்டாள். மாப்பாலிகஸ் என்பவர் ஏப்ரல் மாதம் சித்திரவதையில் இறந்தார். சிறையில் சோறும் தண்ணியும் இல்லாமலே பலர் செத்தார்கள். ரோம் நகர பிஷப் ஃபேபியன் ஜனவரியிலேயே இறந்தாயிற்று.

சிப்ரியன் என்ன ஆனார்? தப்பி ஓடிவிட்டார். மறைவிடத்திலிருந்து கடிதம் எழுதி சபையை நடத்தினார். துன்புறுத்தினால் வேறு ஊருக்குப் போங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே என்பது அவர் வாதம். ரோமிலிருந்த குருக்கள் ஒரு கடிதத்தில், ஓநாயைக் கண்டால் கூலிக்கு மேய்ப்பவன் ஓடுவான் என்கிற ரீதியில் குத்திக்காட்டினார்கள். சிப்ரியன் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பி, இது நீங்கள் எழுதியதுதானா, நடையையும் தாளையும் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்று கேட்டார். வலித்திருக்கிறது, தெரிகிறது.

251இல் டேசியஸ் போரில் இறந்தார். ஆனால் அதற்கு முன்பே, கெடுபிடி தளரத் தொடங்கியதுமே, பலி கொடுத்தவர்கள் திரும்பி வர ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே விடு என்று கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் இருவர் என்றால் சாக்குத்துணி, சாம்பல் என்று பழைய வழியில் போகலாம். இங்கே சபையில் பெரும்பகுதியே வெளியே நிற்கிறது.

குறுக்குவழி ஒன்று பிறந்தது. சிறையில் கிடந்து, அடிபட்டு, மறுதலிக்காமல் நின்றவர்களுக்குச் சபையில் தனி மரியாதை. கடவுளிடம் அவர்கள் சொல் எடுபடும் என்ற நம்பிக்கை. விழுந்தவர்கள் அவர்களிடம் போய் சிபாரிசுக் கடிதம் வாங்கினார்கள். இன்னாருக்குச் சமாதானம் கொடுக்கலாம் என்று ஒரு சீட்டு. முதலில் வாங்கியது பலி கொடுத்ததற்குச் சீட்டு, இப்போது வாங்குவது மன்னிப்புச் சீட்டு!

சித்திரவதையில் செத்த மாப்பாலிகஸ் இதில் நிதானமாக இருந்தார். விழுந்துபோன தன் தாய்க்கும் சகோதரிக்கும் மட்டும் சமாதானம் கொடுக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். வேறு யாருக்கும் இல்லை. லூசியானஸ் என்ற கைதிதான் அள்ளிக் கொடுத்தார். பெயர் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும், செத்துப்போன சாட்சிகளின் பெயராலும் எழுதித் தந்தார். சில கடிதங்களில் 'இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்' என்று மட்டும் இருக்கும். சேர்ந்தவர்கள் யார்? சொந்தக்காரர், சம்பந்தி, விடுதலை பெற்ற அடிமை, வேலைக்காரர் என்று இருபது முப்பது பேர் வந்து நிற்பார்களே என்று புலம்புகிறார் சிப்ரியன். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். பெயர் வரவேண்டிய இடத்தில் நட்சத்திரக்குறி போட்டுவிட்டார்கள். ஒரே ரேஷன் கார்டில் தெருவையே சேர்த்த கதை. கடைசியில் எல்லாருக்கும் சமாதானம் கொடுத்தாயிற்று, மற்ற பிஷப்புகளுக்கும் தெரிவித்துவிடுங்கள் என்று கைதிகள் சார்பில் சிப்ரியனுக்கே ஒரு கடிதம் போனது.

ரோமில் இதற்கு நேர் எதிரான காற்று அடித்தது. நொவேஷியன் என்ற குரு, நல்ல அறிவாளி. 251இல் புதிய பிஷப்பாகக் கொர்னேலியுஸ் தேர்வானதும், நொவேஷியன் போட்டி பிஷப்பாகத் தன்னை நிறுத்திக்கொண்டார். விழுந்தவர்கள் சாகும்வரை அழட்டும், கடவுள் மன்னித்தால் மன்னிக்கட்டும், ஆனால் சபைக்கு மன்னிக்கும் உரிமை கிடையாது, சேர்க்கவே கூடாது. இதுதான் அவர் கட்சி. சுத்தமான வாதம். அவர் வழிவந்தவர்கள் தங்களைச் சுத்தமானவர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள்.

ஒரு பக்கம் எல்லாருக்கும் ஆம். மறுபக்கம் எல்லாருக்கும் இல்லை. ரெண்டுலயும் யாருடைய கதையையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சிப்ரியன் என்ன செய்தார் என்பது அன்டோனியானஸ் என்ற ஆப்பிரிக்க பிஷப்புக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் தெரிகிறது. அன்டோனியானஸ் நொவேஷியன் பக்கம் சாய்கிற மாதிரி இருந்தார். பலி கொடுத்தவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதே என்கிறார் சிப்ரியன். கூப்பிட்டதும் துள்ளிக்கொண்டு போனவனும், நெடுநேரம் போராடிவிட்டு வேறு வழியில்லாமல் போனவனும் ஒன்றா? தன்னோடு எல்லாரையும் இழுத்துப்போனவனும், மனைவி, பிள்ளைகள், வீட்டார் யாரும் அந்தப் பலிபீடத்துக்குப் போகவேண்டாம் என்று தான் ஒருவனாகவே போய் அத்தனை பேருக்கும் சேர்த்து அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டவனும் ஒன்றா? அப்புறம் அந்த லஞ்சக்காரர். நான் கிறிஸ்தவன், பலி கொடுக்கக்கூடாது என்று எங்கள் பிஷப் சொல்லியிருக்கிறார், அதனால்தான் பணம் கட்டுகிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிச் சீட்டு வாங்கியவர். அதுவும் தப்பு என்று இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. நொந்துபோய் நிற்கிறார். அவரும் பலி கொடுத்தவரும் ஒன்றா?

வீட்டாருக்காகப் போன அந்த மனிதரிடம் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்வதை நாம் தமிழில் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பலி வேறு, தியாகம் வேறு. இவர் செய்தது இரண்டும். அவர் கொடுத்த பலியே ஒரு தியாகம். தன் வீட்டாருக்காகப் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். கிறிஸ்தவர்கள் சிலுவையைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதே வடிவம்தான். ஆனால் ஊர்ப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இருப்பது 'பலி கொடுத்தார்' மட்டும்தான். துள்ளிக்கொண்டு போனவர் பெயருக்கு நேரேயும் அதேதான். ஆம், இல்லை என்று இரண்டே மதிப்புள்ள ஒரு காலம். எங்கள் தொழிலில் இந்தத் தப்பை நாங்கள் தினம் செய்கிறோம்.

சிப்ரியன் அவரை நிரபராதி என்று விட்டுவிடவில்லை. பாவம் பாவம்தான். ஆனால் ஆளைக் கூப்பிட்டு, ஏன் போனாய், எப்படிப் போனாய் என்று கேட்கவேண்டும் என்கிறார். 251இல் கார்த்தேஜில் பிஷப்புகள் கூடி எடுத்த முடிவும் இதையொட்டியே. சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம். பலி கொடுத்தவர்கள் நெடுங்காலம் தவத்தில் இருக்கவேண்டும், சாகும் தறுவாயில் மன்னிப்பு மறுக்கப்படாது. போரடிக்கும் கமிட்டி முடிவு போலத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு ஒவ்வொரு ஊரிலும் யாராவது உட்கார்ந்து ஒவ்வொருவர் கதையையும் காது கொடுத்துக் கேட்டாகவேண்டும்.

252 வாக்கில் மறுபடியும் துன்புறுத்தல் வரும் என்ற பேச்சு அடிபட்டது. 42 பிஷப்புகள் கூடி, தவத்தில் இருப்பவர்கள் எல்லாரையும் இப்போதே சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். காரணத்தைப் பாருங்கள். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்து என்று கேட்கப்போகிறோம், அவருடைய இரத்தமான கிண்ணத்தைத் தராமல் எப்படிக் கேட்பது? மன்னித்தார்கள், ஆனால் அடுத்த தடவை நீ நிற்கவேண்டும் என்று களத்துக்கு அனுப்பத்தான் மன்னித்தார்கள்.

நொவேஷியன் கட்சி அதோடு அழியவில்லை, சில நூற்றாண்டுகள் தனிச் சபையாக இருந்தது. 325இல் நைசியா பேரவை அவர்களைத் திரும்பச் சேர்ப்பதற்கென்றே ஒரு விதி எழுதியது. அப்போது அந்தக் கட்சியின் பிஷப் அசேசியஸ் தங்கள் கொள்கையை விளக்கியதும், அப்படியானால் ஒரு ஏணி எடுத்துப் போட்டு நீர் மட்டும் சொர்க்கத்துக்கு ஏறிக்கொள்ளும் என்று கான்ஸ்டன்டைன் பேரரசர் சொன்னதாக ஒரு கதையை வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் (அந்த சாக்ரடீஸ் இல்லை, ஐந்தாம் நூற்றாண்டுக்காரர்) எழுதியிருக்கிறார்.

ஓடிப்போன சிப்ரியன் இரண்டாம் முறை ஓடவில்லை. வலேரியன் காலத்தில் மறுபடி ஆணை வந்தது. 258 செப்டம்பர் 14 அன்று கார்த்தேஜில் ஆளுநர் முன் நிறுத்தினார்கள். சடங்கு செய் என்றார் ஆளுநர், மாட்டேன் என்றார் இவர். தலையை வெட்டப்போகும் ஆளுக்கு 25 பொற்காசு கொடுக்கும்படி தன் ஆட்களிடம் சொல்லிவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டார். இதைப் படிக்கும்போது அந்த 250ஆம் ஆண்டுக் கடிதங்களெல்லாம் வேறு மாதிரி தெரிகின்றன. விழுந்தவர்கள் எழுந்து நிற்கமுடியும் என்று எழுதியவர், அதில் தன்னையும் சேர்த்துத்தான் எழுதினாரோ என்று தோன்றும். இது என் ஊகம்.

கடைசியாக ஒன்று. சீட்டு கிடைத்த அதே எகிப்துக்குத் திரும்பி வருகிறேன். அதே 250ஆம் ஆண்டு ஆணை, நகரம் அலெக்சாந்திரியா. அங்கே பிஷப் டயோனிசியஸ். தன் ஊர்க்காரர்கள் பலிபீடத்துக்குப் போன கோலத்தை அவர் எழுதியிருக்கிறார். சிலர் முகம் வெளுத்து நடுங்கிக்கொண்டு போனார்களாம், பலி கொடுக்கப் போகிறவர்கள் மாதிரி இல்லை, பலியாகப் போகிறவர்கள் மாதிரி.

அப்படிப் பலி கொடுத்தவர்களில் செராப்பியோன் என்ற முதியவர் ஒருவர். வாழ்நாள் முழுக்க ஒழுங்காக இருந்தவர், அந்த ஒரு நாள் விழுந்துவிட்டார். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார், யாரும் காதில் வாங்கவில்லை. நோயில் படுத்தார். மூன்று நாள் பேச்சு மூச்சில்லை. நான்காம் நாள் கொஞ்சம் தெளிந்து, மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டு, இன்னும் எத்தனை நேரம் என்னைப் பிடித்து வைப்பீர்கள், போய் ஒரு குருவைக் கூட்டிவா என்றார். இரவு நேரம். பையன் ஓடினான். குருவுக்கும் உடம்பு சரியில்லை, எழுந்து வரமுடியவில்லை. ஆனால் சாகக் கிடப்பவர்கள் கேட்டால், முன்பே கெஞ்சிக் கேட்டவர்களாக இருந்தால் முக்கியமாக, மன்னித்துவிடவேண்டும் என்று டயோனிசியஸ் சொல்லி வைத்திருந்தார். குரு நற்கருணை அப்பத்தில் ஒரு துண்டைப் பையன் கையில் கொடுத்து, இதை நனைத்து தாத்தா வாயில் விடு என்று அனுப்பினார்.

பையன் வாசலுக்கு வருவதற்குள் கிழவருக்கு நினைவு திரும்பியிருந்தது. வந்துட்டியா கண்ணு, குருவால வர முடியல இல்ல, அவர் சொன்னதைச் சீக்கிரம் செய், என்னை விடு என்கிற மாதிரி சொன்னாராம். பையன் அப்பத்தை நனைத்து வாயில் விட்டான். கொஞ்சம் விழுங்கினார். உயிர் போய்விட்டது.

அந்தியோக்கியாவில் ஃபேபியஸ் என்ற பிஷப் நொவேஷியன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு அனுப்பிய கடிதத்தில் டயோனிசியஸ் இந்தக் கதையை எழுதினார். அந்தக் கிழவரை இவ்வளவு நேரம் உயிரோடு பிடித்து வைத்திருந்தது எதற்காக என்று நினைக்கிறீர் என்று அவரிடம் கேட்டார்.